அரைச்சுவர்ப் பள்ளிக்கூடம்

எங்கட ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயருக்குப் பின்னால் இன்னும் 'றோ.க.த.க.' என்று நாலு எழுத்து இருக்கு. றோமன் கத்தோலிக்க தமிழ்க் கலவன். பங்குக் கோயில் தொடங்கினது. 1960, 61 சட்டங்களோடு அரசாங்கம் பொறுப்பெடுத்தது. எழுத்து மட்டும் மாறேல்லை.

நான் படிச்ச மண்டபத்துக்கு அரைச்சுவர், மேல ஓடு. மூன்று வகுப்புக்கு நடுவில ரெண்டு தட்டி. அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் தமிழ்ப் பாடம் நிக்கும். இப்ப பிள்ளைகள் கூடிட்டினம். ஒரு வகுப்பு மாமரத்துக்குக் கீழ நடக்குது. வெளிநாட்டில இருக்கிற பழைய மாணவர்கள் காசு தர ஆயத்தம். மண்டபத்தை இடிச்சு மேல்மாடி கட்டவேணுமாம், முகப்பில தந்தவையின்ர பெயரோட.

எனக்கு அதில் உடன்பாடில்லை. வைகாசி வெயிலில் அரைச்சுவருக்கு மேலால வாற காத்து கொங்கிறீட் அறைக்குள்ள வராது. உக்கின மரத்தையும் ஓட்டையும் மாத்தி, தட்டி நிண்ட இடத்தில சுவர் எழுப்பினால் மண்டபம் இன்னும் கனகாலம் நிக்கும். மிச்சக் காசில பக்கத்தில ரெண்டு வகுப்பறை கட்டலாம். அதுக்கும் முதல், பொம்பிளைப் பிள்ளைகளுக்குத் தண்ணி வாற மலசலகூடம். பத்தாம் வகுப்பில நாங்கள் அவசரத்துக்கு வீட்டைதான் ஓடினனாங்கள். போன ஆக்களில அரைவாசிப்பேர் அண்டைக்குத் திரும்பி வாறேல்லை.

பழைய மாணவர் கூட்டத்தில இதைச் சொன்னன். "மலசலகூடத்தில ஆற்ற பெயரைப் பிள்ளை போடுறது?" என்று ஒரு மாமா கேட்டார்.