ஒரே சப்ளையர், இரண்டு பதிவு

ஒரு நிறுவனத்தின் தகவல் அமைப்பை வரையச் சொன்னால் பலரும் பெட்டிகளில்தான் ஆரம்பிப்பார்கள். பர்ச்சேஸுக்கு ஒன்று, ஸ்டோர்ஸுக்கு ஒன்று, அக்கவுன்ட்ஸுக்கு ஒன்று. எந்த மென்பொருள், எந்த சர்வர் என்பதெல்லாம் முக்கியம்தான். ஆனால் என் வேலையில் பாதிக்கு மேல் வேறொரு கேள்வியிலேயே கழிகிறது. இந்தத் தகவல் யார் பொறுப்பு? அதைத் திருத்தும் உரிமை யாருக்கு?

சப்ளையர்களின் விவரமெல்லாம் இருக்கும் சப்ளையர் மாஸ்டரையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டியில், பதிவு எண்ணுக்கு 15 இடங்கள். முதல் இரண்டும் மாநிலக் குறி: தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகத்துக்கு 29. அடுத்த 10 இடங்களில் பான் எண். கோவையிலும் பெங்களூரிலும் கிடங்கு வைத்து போல்ட், நட் விற்பவருக்கு பான் ஒன்று, ஜிஎஸ்டி எண் இரண்டு. கோவைத் தொழிற்சாலைக்கு அவர் ஒரு சப்ளையரா, இரண்டு சப்ளையரா?

ஒருவர்தான் என்பார் பர்ச்சேஸ் மேனேஜர். வருட மொத்தக் கொள்முதலைக் காட்டித்தானே விலை குறைக்கச் சொல்ல முடியும்! வரி பார்ப்பவர் இரண்டு என்பார். உள்ளூர் பில்லில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் வரும், பெங்களூர் பில்லில் ஐஜிஎஸ்டி வரும். பதிவு மாறினால் வரி வரவு எடுப்பதில் சிக்கல். டிடிஎஸ், அதாவது பணம் கொடுக்கும்போதே வரி பிடிப்பவருக்கோ மறுபடி ஒருவர். விற்றுமுதல் 10 கோடியைத் தாண்டிய நிறுவனம், ஒரே விற்பனையாளரிடம் ஆண்டில் 50 லட்ச ரூபாய்க்கு மேல் சரக்கு வாங்கினால் டிடிஎஸ் பிடிக்க வேண்டும் என்ற விதி 2021 ஜூலையில் வந்தது. இரண்டு பதிவிலும் 30 லட்சம், 30 லட்சம் என்று பிரிந்து கிடந்தால் வரம்பு தாண்டியது யார் கண்ணிலும் படாது.

மூவர் சொல்வதும் சரி. அதனால் பான் அளவில் ஒரு தலைமைப் பதிவு, அதன் கீழ் ஜிஎஸ்டி எண் வாரியாகக் கிளைப் பதிவுகள். விலை ஒப்பந்தமும் டிடிஎஸ் வரம்பும் மேலே. பில்லும் வரியும் கீழே.

இதை நான் புத்தகத்திலிருந்து எடுப்பதில்லை. பர்ச்சேஸ் குமாஸ்தா யாராவது ஓர் எக்செல் வைத்திருப்பார். பழைய சப்ளையர் குறியீடு, புதிய குறியீடு, பக்கத்தில் மஞ்சள் கட்டத்தில் 'இவரும் அவரும் ஒண்ணு', 'பில் தம்பி பேர்ல வரும்' என்ற குறிப்புகள். அந்த எக்செல்லை ஒழித்துக்கட்டச் சொல்லும் மேலாளர்களோடு நான் வாதாடியிருக்கிறேன். நிறுவனம் உண்மையில் எப்படி ஓடுகிறது என்பது வேறெங்கும் எழுதப்படவில்லை.

தகவல் அமைப்பை வரையும் எங்கள் துறையில் அடிக்கடி அடிபடும் பெயர் ஜான் ஸாக்மன். ஐபிஎம் ஆய்விதழில் 1987-இல் அவர் எழுதிய சட்டகத்தில் என்ன, எப்படி, எங்கே என்ற மூன்று பத்திகளே விரிவாக இருந்தன. ஜான் சோவாவோடு 1992-இல் விரித்து எழுதியபோதுதான் யார், எப்போது, ஏன் என்பவை சேர்ந்தன. எனக்கு அந்த 'யார்' பத்திதான் உயிர்.

காரணம், பேங்க் கணக்கு எண். சப்ளையரின் கணக்கு மாறிவிட்டது என்று அவர் பெயரிலேயே போலி மெயில் வரும். நம்பி மாற்றினால் பணம் போன இடம் தெரியாது. அதனால் கோரிக்கையை ஏற்பவர் ஒருவர். மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, மாஸ்டரில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்பவர் இன்னொருவர். ஒப்புதல் தருபவர் மூன்றாமவர். நான் வரைந்த அமைப்புப் படத்துக்குக் கையெழுத்து வாங்கும் முன் அந்த மூன்று பேரின் பெயரையும் கேட்பேன். அவர்கள் லீவில் போனால் யார் பார்ப்பார்கள் என்பதையும்.