கூழ், கண்ணாடி, கிணறு

அக்காவை நேராகப் பார்த்தால் அக்கா காணாமல் போய்விடுவாள். எனக்கு ஸ்டார்கார்ட் என்ற விழித்திரை நோய். பதினொரு வயதில் தெரியவந்தது. பார்வையின் நடுவை மட்டும் தின்றுவிட்டு ஓரங்களை விட்டுவைக்கிற நோய். ஒருவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் அவருடைய காதுக்குப் பக்கத்தில் எதையோ பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். பனியிலும் அப்படித்தான். செம்மஞ்சள் மேலங்கி போட்டுக்கொண்டு அக்கா முன்னால் சறுக்கிப் போவாள். அவளுக்குக் கொஞ்சம் வலப்பக்கமாகப் பார்த்தபடி, ஹெல்மெட்டுக்குள் கேட்கும் அவள் குரலைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போவேன்.

மார்ச் கடைசி. இந்த சீசனின் கடைசிப் போட்டி. ஸ்காபரோவிலிருந்து இரண்டு மணி நேரம் வடக்கே, ஜோர்ஜியன் பே கரையோரம் இருக்கிறது மலை. ஆல்ப்ஸ்காரர்கள் இதை மலை என்றால் சிரிப்பார்கள். ஒன்டாரியோவில் எங்களுக்கு இதுதான் மலை. சனிக்கிழமை ஜயன்ட் ஸ்லாலம், ஞாயிற்றுக்கிழமை ஸ்லாலம். ஒவ்வொன்றிலும் இரண்டு ஓட்டம், இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள். பாரா அல்பைனில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், நின்று சறுக்குபவர்கள், உட்கார்ந்து சறுக்குபவர்கள் என்று மூன்று பிரிவு. ஒரே பிரிவுக்குள்ளும் குறைபாடு ஆளுக்கு ஆள் வேறு என்பதால், ஓடிய நேரத்தை அவரவர் வகுப்புக்குரிய எண்ணால் பெருக்கித்தான் முடிவு சொல்வார்கள். எங்கள் பிரிவில் அன்று வந்திருந்த பெண்கள் மொத்தம் மூன்று பேர். விழாமல் கீழே வந்தாலே மெடல். இந்தக் கணக்கை அம்மாவிடம் இதுவரை சொன்னதில்லை.

ஓடும்போது வழிகாட்டியும் நானும் ஒருவரையொருவர் தொடக்கூடாது. எல்லாம் குரல்தான். ஆரம்பத்தில் இடம், வலம் என்று சொல்லிப் பார்த்தோம். காற்றில் இரண்டுமே 'அம்' என்று மட்டும் கேட்டது. பிறகுதான் புரிந்தது, கம்பங்கள் மாறி மாறித்தான் வரும், திசை எனக்கே தெரியும். எனக்குத் தேவை நேரம். 'இப்ப' என்பாள், திரும்புவேன். இப்ப. இப்ப. இப்ப.

மற்றச் சொற்கள் வீட்டிலிருந்து வந்தன. வெயிலில் இளகிய பனி 'கூழ்'. இறுகி வழுக்கும் பனி 'கண்ணாடி'. சட்டென்று சரிவு விழும் இடம் 'கிணறு'. பயிற்சி வீடியோ ஒன்றைக் கேட்ட அம்மா, "என்னடி, சமைக்கிறியளோ சறுக்கிறியளோ?" என்றார்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம்தான். பொய் சொல்லக்கூடாது. முதல் வருடம், நான் பயந்துவிடுவேன் என்று கண்ணாடியைக் கூழ் என்று சொன்னாள். பனியை நம்பிக் காலை வைத்தேன், தோள் எலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியில் அவள்தான் அந்தச் சட்டத்தைப் போட்டாள்.

2022 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் வெரோனிகா ஐக்னர் ஸ்லாலத்திலும் ஜயன்ட் ஸ்லாலத்திலும் தங்கம் வாங்கினாள். முன்னால் வழிகாட்டிப் போனது அவளுடைய அக்கா எலிசபெத். அந்த வீடியோவை மூக்கு திரையில் முட்டுமளவு கிட்ட வைத்து எத்தனை தடவை பார்த்திருப்பேன்! அதில் எனக்கு உறைக்காத ஒன்று உண்டு. அந்த அக்காவும் தங்கையளவு வேகமாக ஓடுகிறாள்.

வழிகாட்டி மெதுவானால் ஓட்டக்காரியும் மெதுவாகத்தான் வேண்டும். என் அக்காவுக்கு இரவு ஷிஃப்ட் வேலை. இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் முழங்காலில் ஒப்பரேஷன். நானோ வாரத்தில் ஐந்து நாள் ஜிம். ஜனவரியிலேயே பயிற்சியாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், அடுத்த வருடம் வேறு வழிகாட்டி பார்ப்போம், காலேஜ் டீமில் ஓடின பிள்ளை ஒருத்தி இருக்கிறாள் என்று. சரி என்றேன். அக்காவிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமை நல்ல வெயில். பனி இறுகட்டும் என்று ஓடுபாதையில் உப்பு தூவியிருந்தார்கள். இரண்டாவது ஓட்டத்தில், "கிணறு" என்றாள். இறங்கினோம். செம்மஞ்சள் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஓட்டக்காரி ஒருபோதும் செய்யக்கூடாததைச் செய்தேன். குனிந்திருந்தவள் நிமிர்ந்து, நெஞ்சில் காற்றை வாங்கி, வேகத்தைக் குறைத்தேன். இரண்டாம் இடம். யாருக்கும் தெரியவில்லை என்று நினைத்தேன்.

இரவு மோட்டலில், அம்மா கட்டித் தந்த இடியப்பத்தை மைக்ரோவேவில் வைத்துவிட்டு அக்கா கேட்டாள்.

"இண்டைக்கு நீ பிரேக் போட்டனி, என்ன?"

"இல்லையே."

"மைக் ரெண்டு பக்கமும் வேலை செய்யுமடி. உன்ர ஸ்கீ சத்தம் எனக்குக் கேக்கும். கிணத்துக்குக் கீழ மூண்டு கம்பத்திலயும் போட்டனி."

மைக்ரோவேவ் சத்தம் போட்டு நின்றது. யாரும் எழும்பவில்லை. பயிற்சியாளர் சொன்னதைச் சொன்னேன்.

"எப்ப சொன்னவர்?"

"ஜனவரி."

"மூண்டு மாசமாக் கண்ணாடியைக் கூழ் எண்டிருக்கிறாய்."

அவள் அழவில்லை. கோபித்தாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். வழிகாட்டியை மாற்றுவது அவளுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அவளுக்கு வலிக்கும் என்று நானே முடிவுசெய்து, அவளுக்காகக் கவனமாக நடந்துகொண்டேனே, அதுதான் அவளைச் சுட்டது. சின்ன வயதிலிருந்து எல்லோரும் எனக்குச் செய்வது இதைத்தான். எவ்வளவு வெறுப்பேன் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அதையே அவளுக்குச் செய்திருக்கிறேன். இடியப்பம் காலைவரை அப்படியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ஓட்டம். ஸ்டார்ட்டில் எப்போதும் குடா எப்படி இருக்கிறது என்று சொல்லுவாள். அன்றும் சொன்னாள். "கரையில ஐஸ் உடைஞ்சிட்டுது. நடுவில நீலம்." பிறகு, "பிரேக் போட்டா அடிப்பன்" என்றாள்.

போடவில்லை. 'இப்ப'க்களுக்கு நடுவில் மூச்சு நுழைந்தது, பிறகு ஒவ்வொரு திருப்பத்திலும் அடித்தொண்டையிலிருந்து ஒரு முனகல். அந்த முழங்கால்தான். செம்மஞ்சள் பெரிதாகவில்லை. கடைசிக்குச் சற்று முன்னால் "கண்ணாடி" என்றாள். கண்ணாடியேதான். முதல் ஓட்டத்தைவிட வேகமாகக் கீழே வந்தோம். மறுபடியும் இரண்டாம் இடம். அவள் பனியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நானும் உட்கார்ந்தேன்.

"இவ்வளவுதானடி என்னட்ட இருந்தது," என்றாள்.

"தெரியும்."

"இப்ப தெரியும். நேற்றுத் தெரியாது உனக்கு."

திரும்பி வரும்போது அவள் காரை ஓட்டினாள், நான் போனைப் பிடித்திருந்தேன். புதுப் பிள்ளைக்குத் தமிழ் தெரியாது. ஆனால் சொற்களை மாற்ற அக்கா விடவில்லை. என் கால்கள் அந்தச் சொற்களுக்குப் பழகிவிட்டனவாம். ரெக்கோர்ட் பண்ணச் சொன்னாள். கண்ணாடி, மூன்று தடவை. கிணறு, மூன்று தடவை. 'கூழ்' வந்தபோது நான் சிரித்துவிட்டேன்.

"அவளுக்கு 'ழ' வராதக்கா."

"வரப் பண்ணுவம்," என்றாள். தொண்டையைச் செருமிக்கொண்டு மிகக் கவனமாக, மெதுவாகச் சொன்னாள். 'கூள்' என்றுதான் விழுந்தது. அழிக்காமல் அனுப்பினேன்.