கல்லைப் பற்றி வாழ்வன

மண்ணில் ஊன்றினால்தான் செடி பிழைக்கும் என்பது உழவர் நாட்டு நம்பிக்கை. பாகான் செராயில் வாழ்வோர்க்கு அந்நம்பிக்கை சற்று மிகுதி. புக்கிட் மேரா நீர்த்தேக்கத்தின் நீர் 1906ஆம் ஆண்டில் வாய்க்கால்வழி வரத் தொடங்கிய நாள்முதல் கிரியான் மாவட்டத்து வயல்கள் நாற்றை ஏற்று நெல்லைத் தந்துவருகின்றன. அத்தகைய ஊரில், மண்ணில் புதைத்தால் அழுகி, கல்லில் கட்டினால் தழைக்கும் செடிகளை எனக்குக் காட்டியவர் ஒரு தோட்டத்துக் கிராணியார்.

அவர் வீட்டுக் கூடத்தில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. மீன்கள் சிலவே. கருங்கற்களின்மேல் கரும்பச்சை இலைகள் அசையாது நின்றன. "வாத்தியாரே, இது நம் சேம்புக்கு உறவு" என்றார். உண்மைதான். அனுபியாஸ் என்னும் அச்செடி சேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆப்பிரிக்காவின் மேற்குப் பகுதி ஓடைக்கரைகளில் நிழலில் வாழ்வது. எகிப்தியரின் அனுபிஸ் தெய்வத்தை நினைந்து 1857இல் அதற்குப் பெயரிட்டவர் ஷாட் என்னும் ஆஸ்திரிய அறிஞர். அதனருகே இருந்த ஜாவாப் பெரணியோ நம் மண்ணுக்கு உரியது. பெயர் ஜாவாவுடையதாயினும் மலாயாக் காட்டோடைப் பாறைகளிலும் அது ஒட்டி வளர்கிறது.

இஞ்சியையும் மஞ்சளையும் எண்ணிப் பாருங்கள். நாம் கிழங்கு என்பது உண்மையில் தண்டு. கிடையாக நீண்டு, மேலே இலையையும் கீழே வேரையும் விடுவதால் அதனை மட்டநிலத்தண்டு என்பர். அனுபியாசுக்கும் பெரணிக்கும் அத்தகைய தண்டே உயிர்நிலை. ஆனால் இஞ்சி மண்ணுக்குள் மகிழ்ந்திருக்க, இவற்றின் தண்டு ஓடும் நீரில் திறந்திருக்க வேண்டும். தொட்டி மணலுக்குள் அதனைப் புதைத்தால் உயிர்வளி குன்றி அழுகத் தொடங்கும். உணவில் பெரும்பகுதியை இலைகளே நீரிலிருந்து பெற்றுக்கொள்கின்றன. வேரின் முதல் வேலை பற்றிக்கொள்வது.

கிராணியார் தண்டைக் கல்லின்மேல் வைத்துப் பருத்தி நூலால் சுற்றுவார். "நைலான் கயிறு நெடுங்காலம் உழைக்குமே, ஐயா?" என்று கேட்டேன். "நூல் இற்றுப்போக வேண்டும், வாத்தியாரே. அதற்குள் வேர் பிடித்திருக்கும்" என்றார். அந்த விடையை நான் பன்முறை நினைத்ததுண்டு.

அனுபியாசில் ஓர் இலை விரியச் சில வாரங்கள் ஆகும். வேலம்பாசிபோல் அள்ளி எறியுமளவு வளர்வதில்லை. ஒரே இலை நெடுங்காலம் நிற்பதால், விளக்கொளி மிகுந்தால் அதன்மேல் பாசி படியும். ஆதலால் நாளுக்கு ஆறேழு மணி நேர மங்கிய ஒளி போதும். விரைவில் வளரட்டும் என்று ஒளியைக் கூட்டுவோர் பாசியைத்தான் வளர்க்கின்றனர்! பெரணியின் முதிர்ந்த இலை கருகுவதைக் கண்டு அஞ்சிக் கிள்ளிவிடவும் கூடாது. அவ்விலை விளிம்பில் வேர் தொங்கும் சிறு கன்றுகள் தோன்றியிருக்கும்.

தோட்டம் கைமாறியது. ரப்பர் மரங்கள் வீழ்ந்தன, செம்பனை வந்தது, லயங்கள் இடிபட்டன. கிராணியாரும் ஊருக்குள் குடிபெயர்ந்தார். அவர் நட்டு வளர்த்த மா, பலா, முருங்கை எவையும் உடன்வரவில்லை. ஈரத் தாளில் சுற்றிய கற்கள் மட்டும் லாரியின் முன்னிருக்கையில் அவர் மடிமீது வந்தன. செடிகள் தங்கள் நிலத்தை உடன்கொண்டு வந்தன எனலாம். தாம் விட்டுவந்த மரங்களைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. தொட்டியின் முன் நெடுநேரம் அமர்ந்திருப்பார்.

அவர் மறைந்தபின் அத்தொட்டி என் பொறுப்பாயிற்று. சென்ற ஆண்டு அவருடைய மகள் கோலாலம்பூரிலிருந்து வந்து, "மாமா, அப்பாவின் செடியில் ஒரு துண்டு வேண்டும்" என்று கேட்டாள். நான் தயங்கினேன். மூத்த அனுபியாசின் ஒரு முனை அப்போது பழுப்பேறி, தொட்டால் குழைந்து, நாற்றம் வீசத் தொடங்கியிருந்தது. நோயுற்றதை வெட்ட வேண்டும். வெட்டினால் எஞ்சியது தாங்குமோ என்னும் அச்சம் ஒருபுறம். அவர் கைபட்ட செடியாயிற்றே என்னும் எண்ணம் மறுபுறம்.

கத்தியைக் கொதிநீரில் கழுவி, குழைந்த பகுதியைக் கடந்து உறுதியான பச்சைத் தண்டு தெரியும்வரை சீவினேன். எஞ்சிய தண்டு என் சுண்டுவிரல் நீளமே. அதில் எட்டு இலைகள். மூன்று நான்கு இலைகளேனும் இல்லாத துண்டு தழைக்க மிக நாளாகும் என்று கிராணியார் சொல்லியிருந்தார். நாலு நாலாகப் பகிர்ந்தேன். பருத்தி நூலை அவளே சுற்றினாள். அவள் தந்தையைப் போலவே பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

கல்லை ஈரத் தாளில் பொதிந்து எடுத்துச் சென்றவள் ஒன்றரை மாதங்கழித்துத் தொலைபேசியில் அழைத்தாள். நூல் இற்றுவிட்டதாம், செடி கல்லைவிட்டு அகலவில்லையாம். என்னிடம் உள்ள பாதியில் குருத்து ஒன்று சுருண்டு நிற்கிறது. இன்னும் விரியவில்லை.