மலையடியில் வெளிச்சம்

படம் பிடிக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் நண்பர்களுக்கு நாம் ஒரு யோசனை சொல்லுவதுண்டு. காமிராக் கடைக்குப் போகுமுன் திருவண்ணாமலைக்கு ஒரு முறை போய் வாருங்கள் என்பதே அது. அருணாசலத்தைத் தரிசித்த புண்ணியம் ஒரு புறம் இருக்கட்டும். வெளிச்சத்தைப் பற்றி அந்த மலையைப்போல் பொறுமையாகப் பாடம் சொல்லும் வாத்தியாரை நாம் வேறெங்கும் கண்டதில்லை.

ரமணாசிரமம் மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால், ஆசிரமத்திலிருந்து காணும் மலைமுகத்தில் வெயில் நன்றாக விழும். ஒவ்வொரு பாறையும் தன் நிழலுடன் எடுப்பாகத் தெரியும். ஏப்ரல் மாதத்துப் பிற்பாதியிலோ நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறான். மலை தட்டையாகத் தோன்றும். மனிதர்களின் கண்குழிகளில் இருள் தங்கிவிடும். அந்த வேளையில் காமிராவைப் பைக்குள் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போவதே உத்தமம்.

கிழக்குச் சரிவிலுள்ள ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறிப் பார்த்தால் பாடம் வேறு. காலையில் கோயில் கோபுரங்கள் சூரியனுக்கு எதிரே கறுத்து நிற்கின்றன. பிற்பகலில் சூரியன் நம் முதுகுப் பக்கம் வந்ததும், 217 அடி உயரமுள்ள ராஜகோபுரத்தின் நிலைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். இன்னும் சிறிது தாமதித்தாலோ மலையின் நிழலே ஊரின்மேல் இறங்கிவிடும்.

காமிராக்களும் ஆளுக்கொரு குணமுடையவை. நம்மிடமுள்ள பழைய பெட்டிக் காமிராவுக்கு நல்ல வெயில் வேண்டும். இல்லாவிட்டால் அது ஒத்துழையாது. அதனிடம் நாம் காத்திருக்கக் கற்றோம். இரட்டை லென்ஸ் ரோலிபிளெக்ஸில் ஒரு சுருளுக்குப் 12 படங்களே. இடுப்பளவில் பிடித்துத் தலை குனிந்து பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவருக்கு வணக்கம் செலுத்துவது போன்ற அந்தப் பாவனையில், படம் எடுக்கப்படுகிறவரின் கூச்சமும் பாதி போய்விடுகிறது. கைக்கடக்கமான லைக்காவோ 36 படங்கள் தரும். கண் கண்டதை உடனே பற்றும். இன்று எல்லார் கையிலும் உள்ள கைப்பேசிக்கு எண்ணிக்கையே கிடையாது. ஆனால் சூரியனைச் சற்று நகர்த்தி வைக்கும் வித்தை மட்டும் எந்தக் காமிராவுக்கும் தெரியாது. நகர வேண்டியவர் நாம்தான்.

ஸ்ரீ ரமண மகரிஷியின் படங்களைப் பார்க்கும்போது இந்த உண்மை நன்கு விளங்குகிறது. பெங்களூர் ஜி. ஜி. வெல்லிங் எடுத்த மார்பளவுப் படம் பல வீடுகளின் பூஜை அறைகளில் இருக்கிறது. அந்தக் கண்களிலுள்ள ஒளியை மறந்தவர் யார்? சென்னை வைத்தியரான டாக்டர் டி. என். கிருஷ்ணசுவாமி தொழில் முறைப் படக்காரர் அல்லர்; அன்பினால் அடிக்கடி வந்து எடுத்தவர். அவருடைய படங்களால்தான் மகரிஷியின் அன்றாட வாழ்வின் பல தருணங்களை இன்றும் நாம் காண முடிகிறது.

1950-ஆம் வருஷம் ஏப்ரலில், மகரிஷி நோயின் இறுதிக் கட்டத்தில் இருந்தபோது, பிரெஞ்சுப் படக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் அங்கே வந்தார். பளிச்சென்று மின்னும் செயற்கை விளக்கை விரும்பாதவர் அவர். இயற்கையாய்க் கிடைக்கும் வெளிச்சமே போதும் என்ற கொள்கையுடையவர். உடல் நலிந்த பெரியவர் முன் அந்தக் கொள்கை வெறும் கலை நுணுக்கம் அன்று, மரியாதையும் ஆகும். ஏப்ரல் 14 இரவு 8 மணி 47 நிமிஷத்துக்கு அவர் வானில் ஒரு நட்சத்திரம் எரிந்து மலையை நோக்கிச் செல்வதைக் கண்டார். மகரிஷி சமாதியடைந்த நேரமும் அதுவே. அந்த ஒளி நமக்கு வந்து சேர்ந்தது அவர் வார்த்தையின் வழியாகத்தான்.

நேயர்கள் வீட்டிலும் பாட்டியோ தாத்தாவோ இருப்பார்கள். காலை எட்டு மணிக்கு அவர்களை வாசல் திண்ணையில், வெயில் நேரே படாத நிழலில், வெளி வானத்தைப் பார்த்தாற்போல் உட்கார வையுங்கள். சுருக்கங்கள் மென்மையாய்த் தெரியும்; கண்ணில் வானத்தின் ஒளி வந்து தங்கும். விளக்கு வேண்டாம், சிரிக்கச் சொல்லவும் வேண்டாம். அவர்களோடு பேசிக்கொண்டே இருங்கள். தாமாக முகம் மலரும் க்ஷணத்தில் எடுத்துவிடுங்கள். எந்தக் காமிரா என்பது பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். நல்ல காமிரா வாங்கிய பிறகு எடுக்கலாம் என்று மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.