உப்பு ஆகாத செடிக்கு ஊறுகாய் ஜாடி

தாம்பரத்துக்காரரை இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடலாம். "உங்க ஏரியாவுல தண்ணி எப்படி?" என்று கேளுங்கள். "போர் தண்ணியா, லாரி தண்ணியா, கேன் தண்ணியா?" என்று திருப்பிக் கேட்பார். அடுத்து, "கொசு எப்படி?" என்று கேளுங்கள். வாயால் பதில் வராது. முழங்கையில் பளாரென்று ஒரு அடி போட்டுக் காட்டுவார்.

இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவிக்கிற ஒரு ஜீவன் இப்போது புறநகர் மொட்டைமாடிகளில் குடியேறியிருக்கிறது. பூச்சி தின்னும் செடி. எங்கள் ஊரில் அதற்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. பாவம், தண்ணீரில்தான் கண்டம்!

பி.காம். பாஷையில் சொல்கிறேன். இந்தச் செடிகளின் சொந்த ஊர் சதுப்பு நிலம், ஈர மணல். அங்கே மண்ணில் நைட்ரஜன் கையிருப்பு கிட்டத்தட்ட நில். வேர் வழியாக வரவு இல்லை. செலவைச் சமாளிக்க இலை ஒரு சைடு பிசினஸ் ஆரம்பித்தது. அதுதான் பூச்சி பிடிப்பது. தலைமுறை தலைமுறையாக ஏழை மண்ணிலேயே இருந்து பழகிவிட்டதால் வேருக்கு வசதி தாங்காது. உரம் போட்டால் போச்சு. உப்புத் தண்ணீர் ஊற்றினாலும் போச்சு. தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது வளர்ப்பவர்கள் கணக்கு. எங்கள் வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை முக்கினால் 900-ஐத் தாண்டி ஓடுகிறது. மீட்டருக்கே விக்கல்.

எங்கள் சேலையூர் தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் இந்தச் செடிகளிடம் மனசைப் பறிகொடுத்திருக்கிறான். வெளிநாட்டுச் சரக்கு இல்லை, நம் தமிழ்நாட்டுச் செடி. விஞ்ஞானிகள் ட்ரோசிரா பர்மானி என்பார்கள். சித்த வைத்தியத்தில் அழுகண்ணி என்று இதைச் சொல்பவர்கள் உண்டு. எட்டணா நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசாகத் தரையோடு ஒட்டிக் கிடக்கும். இலை முழுக்கச் சிவப்பு மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் கண்ணீர்த் துளி மாதிரி பசை. பூச்சி உட்கார்ந்தால் எழுந்திருக்காது. இந்தக் குடும்பத்துச் செடி ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் டார்வின் 1860-ல், உலகத்து உயிரினங்கள் எப்படித் தோன்றின என்பதைவிட இதன் மேல்தான் எனக்கு அக்கறை என்கிற ரீதியில் நண்பருக்குக் கடிதம் எழுதினார். பதினைந்து வருஷம் கழித்து, 1875-ல், பூச்சி தின்னும் செடிகளுக்கென்றே ஒரு தனிப் புத்தகமும் போட்டார். பையன் நல்ல கம்பெனியில்தான் இருக்கிறான்.

ஆனால் இரண்டு தடவை செடி செத்துவிட்டது. இரண்டு தடவையும் மண்தொட்டி, போர் தண்ணீர். இனி அவனிடம் மிச்சம் இருப்பது ஒரு காகிதப் பொட்டலத்தில் ஒரு சிட்டிகை விதை. மூக்குப்பொடி மாதிரி. தும்மினால் காலி.

"அங்கிள், நீங்கதான் ஊரெல்லாம் சுத்தறீங்களே... உப்பு ஏறாத தொட்டி ஒண்ணு பாத்து வாங்கிட்டு வாங்களேன்" என்றான். எழுத்தாளனை வெட்டி ஆபீஸர் என்று இவ்வளவு மரியாதையாக யாரும் சொன்னதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம் சந்தை. தாம்பரத்தில் லோக்கல் பிடித்தால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். மூன்றாவது ஸ்டேஷன். 1931-லிருந்து மின்சார ரயில் ஓடுகிற ரூட். பழைய டிரங்க் ரோடு நெடுக, கோழி, குழம்புச் சட்டி, கழற்றிய கம்ப்யூட்டர், ரோஜாச் செடி, ஒற்றைக் கால் செருப்பு... ஜோடியை அடுத்த வாரம் வந்து தேடிக்கொள்ளலாம்.

பாத்திரக் கடை ஓரத்தில் ஒரு பீங்கான் ஜாடி. மேலே பழுப்பு, கீழே வெள்ளை. நம் பாட்டிமார் மாவடு போட்டு வைத்தது. மூடி இல்லை.

"எவ்ளோண்ணே?"

"நானூறு குடு சார்."

"மூடி இல்லியே?"

"மூடி இருந்தா நான் ஏன் சார் நானூறு சொல்றேன்? ஊறுகாய்க்கா?"

"இல்ல, செடி விஷயமா. பூச்சி தின்ற செடி."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப மாசம் பூச்சிக்கு எவ்ளோ ஆவும்?"

"பூச்சி ஃப்ரீ. தாம்பரம்."

"தாம்பரமா? அப்ப சரி" என்று ஐம்பது ரூபாய் குறைத்தார்!

ஜாடி, செடி வைக்க இல்லை. கழுத்து குறுகல், உள்ளே வெயில் இறங்காது. அழுகண்ணிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் வருஷக்கணக்கில் உப்பில் ஊறினாலும் துளி உப்பைக் குடிக்காத பாத்திரம் நம் வீட்டிலேயே இருந்திருக்கிறது, பாருங்கள். உள்ளே இருக்கிற உப்பை வெளியே விடாதது, வெளியே இருக்கிற உப்பை உள்ளேயும் விடாது. மழைத் தண்ணீர் பிடித்து வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பல்லாவரத்துக்கும் களிமண்ணுக்கும் உறவு பழசு. இங்கேதான் 1863 மே மாசம் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இங்கேதான் 1880-களில் அலெக்ஸாண்டர் ரீ, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழையைத் தோண்டி எடுத்தார். இறந்தவரை மண்பேழையில் வைத்துப் புதைத்த காலத்துச் சாமான். சூளையில் வெந்த மண், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பல்லாவரத்து மண்ணுக்குள் கிடந்தும் மறுபடி மண்ணாகவில்லை. அதைச் செய்தவர் இப்போது இருந்திருந்தால் நேராக அவரிடமே தொட்டிக்கு ஆர்டர் கொடுத்திருப்பேன்.

இல்லாததால் ஷேர் ஆட்டோவில் ரேடியல் ரோடு. கோவிலம்பாக்கம் பக்கம் ஒரு தெருவில், கார் நிற்க வேண்டிய இடத்தில் மின்சாரச் சூளை வைத்திருக்கிறார் ஒரு அம்மா. பாண்டிச்சேரியில் கற்றுக்கொண்டவர். 1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியை ஆரம்பித்தார்கள். ஸ்டோன்வேர் என்கிற கெட்டிப் பீங்கான் வேலை நம் பக்கம் பரவியதற்கு அந்தப் பட்டறை ஒரு பெரிய காரணம்.

விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார். "மண்தொட்டி மூச்சு விடும்னு சொல்வாங்க தம்பி. மூச்சு மட்டும் விட்டாப் பரவால்ல, அது வேர்வையும் விடுது. தண்ணி காத்துல போயிடும், உப்பு அப்பிக்கும். தொட்டி வெளியில வெள்ளையாப் பூத்திருக்கும் பாருங்க, அதான்."

பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே வேர்வையால்தான். நமக்கு வரம், அழுகண்ணிக்கு விஷம். சாதாரண மண்தொட்டி சுமார் 900, 1000 டிகிரியில் வெந்தது, உடம்பெல்லாம் துவாரம். ஸ்டோன்வேர் 1200 டிகிரிக்கு மேல் வேகிறது. அந்தச் சூட்டில் மண்ணே பாதி கண்ணாடி மாதிரி இறுகித் துவாரங்கள் அடைபட்டுவிடும். அதன் மேல் கிளேஸ் பூச்சு வேறு.

அவர் செய்து காட்டியது மீன்குழம்புச் சட்டி மாதிரி அகலமான ஒரு தொட்டி. ஈர மண்ணில் 20 சென்டிமீட்டர். காய்ந்து வெந்து வெளியே வரும்போது 18-க்குப் பக்கத்தில் நிற்கும். வெள்ளைப் பூச்சு, நம் வெயிலில் வேர் வெந்துவிடக் கூடாதே என்று. அடியில் சின்ன ஓட்டை. கீழே ஒரு தட்டு, அதில் எப்போதும் ஒரு விரற்கடைத் தண்ணீர். ஓட்டையை ஈரத்திலேயே போட்டுவிட வேண்டும். வெந்த பிறகு போடுவதென்றால் டைல்ஸ்காரரையும் குலதெய்வத்தையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும்.

"ஆர்டர் குடுக்கறப்பவே சொல்லிடறேன். மூணு பண்ணினா ஒண்ணு விரியலாம். சூளையைத் தெறக்கற வரைக்கும் எனக்கே தெரியாது" என்றார். அவர் சூளையைத் திறந்த கதை தனி. மூன்றில் இரண்டு பிழைத்தன. இரண்டு வாரம் கழித்துப் போய் ஒன்றை வாங்கிக்கொண்டேன். விலை 650. சிரிக்காதீர்கள், சினிமாவுக்குக் குடும்பத்தோடு போனால் பாப்கார்னுக்கு ஆகிற காசு.

தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதே ரோடில் கொஞ்சம் கிழக்கே போய்ப் பள்ளிக்கரணைச் சதுப்பைப் பார்த்தேன். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர். சுருங்கிச் சுருங்கி, 2022-ல் ராம்சார் பட்டியலில் ஏறியபோது குறித்த பரப்பு 1,247 ஹெக்டேர் சொச்சம். நாரை நிற்கிற இடத்துக்குப் பின்னாலேயே கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது.

அழுகண்ணிக்கு இவ்வளவு தண்ணீர்கூட வேண்டாம். வயலோரம், ஏரியோரம், மழைக்கு ஊறுகிற ஈர மணல் போதும். அந்த மாதிரி நிலத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? 'ஒண்ணுத்துக்கும் ஒதவாத எடம்.' உடனே நாலு மூலையிலும் கல் நட்டு, கொடி கட்டி, ப்ளாட் போட்டுவிடுவோம். உதவாத இடத்தை மட்டுமே நம்பிப் பிழைக்கிற ஜீவனும் உண்டு என்பது லே-அவுட் வரைபடத்தில் தெரியாது.

அந்த இடம் தண்ணீரையாவது ஞாபகம் வைத்திருந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி ஆரம்பித்த பேய்மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. மொட்டைமாடியில் ஒரு சதுர மீட்டருக்கு 490 லிட்டர், உப்பில்லாத முதல்தரத் தண்ணீர்! இறங்க இடமில்லாமல் முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்தது. சென்னையின் சாதாரண வருஷ மழையே சதுர மீட்டருக்குச் சுமார் 1,400 லிட்டர். ஒரு அழுகண்ணித் தொட்டிக்கு அதில் ஒரு மூலை போதும். மற்றதை நாம்தான் சாக்கடையில் வரவு வைக்கிறோம்.

உங்களுக்கும் ஆசை வந்தால் இரண்டு வார்த்தை. படத்தில் வாயை மூடுகிற வீனஸ் ஃப்ளைட்ராப் வேண்டாம். அமெரிக்காவின் கரோலைனாக்காரி, வருஷா வருஷம் குளிரில் சில மாதம் தூங்கியாக வேண்டும். தாம்பரத்தில் குளிர் என்பது ஏ.சி. பெட்டியில்தான். காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை யார் விற்றாலும் வாங்காதீர்கள். மேகாலயாவின் குடுவைச் செடியை 1991 முதல் வனவிலங்குச் சட்டமே காக்கிறது. முக்கியமாக, கொசுவை ஒழிக்க இதை வாங்காதீர்கள். கொசு ஜெயித்துவிடும்.

பையன் இப்போது பாசியும் மணலும் நிரப்பித் தொட்டியைத் தயாராக வைத்திருக்கிறான். விதையை மட்டும் இன்னும் தூவவில்லை. ஐப்பசி மழை பிடித்து ஜாடி நிரம்பட்டும் என்று காத்திருக்கிறான். பொட்டலத்தை யாரும் திறந்துவிடக் கூடாதென்று அம்மாவின் நகைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறான். சரியான இடம்தான். 18 சென்டிமீட்டர் ஏழை நிலம், பட்டா அவன் பேரில்.