பேரன் அனுப்பிய சந்தாக் கணக்கு



என் தங்கை பேரன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் கல்லூரி மூன்றாம் ஆண்டு படிக்கிறான். அங்கே ஒரு ஃபிரட்டர்னிட்டியின் கிளைக்கு இந்த ஆண்டு அவன்தான் பொருளாளர். தலைமை அலுவலகத்திலிருந்து அவர்களுக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. வரவு குறைந்துவிட்டதாம். சந்தா உயர்கிறது. அச்சில் வந்த இதழ் இனி இணையத்தில் மட்டும். கிளைகளை நேரில் வந்து பார்க்கும் அலுவலர்களையும் குறைக்கிறார்கள். "தாத்தா, நீங்க ஸ்கூல்ல கணக்கெல்லாம் பார்த்தவர்தானே, கொஞ்சம் பாருங்க" என்று அனுப்பியிருந்தான். ஒரு வாரம் எனக்கு அதே வேலையாகப் போனது.

ஃபிரட்டர்னிட்டி என்றால் சகோதரர் சங்கம். பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில்தான் பெயர் இருக்கும். 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா இவற்றுக்கு முன்னோடி. அது இன்று படிப்பில் சிறந்தவர்களுக்கான அமைப்பு. 1825-ல் யூனியன் கல்லூரியில் பிறந்த கப்பா ஆல்ஃபாவைப் பார்த்துத்தான் இன்றைய சங்கங்கள் வளர்ந்தன. சேர்ந்தவர் ஆயுள் முழுவதும் 'சகோதரர்'.

பணம் வரும் வழி எளிது. மாணவன் கிளைக்குச் சந்தா கட்டுகிறான். கிளை, தலைக்கு இவ்வளவு என்று தலைமைக்கு அனுப்புகிறது. அலுவலகச் சம்பளம், மாநாடு, இதழ், காப்பீடு எல்லாம் பெரும்பாலும் அதிலிருந்துதான். தங்கும் வீடு பல இடங்களில் பழைய மாணவர்கள் நடத்தும் தனி நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அறைகள் காலியாக இருந்தாலும் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டியாக வேண்டும்.

2010-க்குப் பிறகு அந்த நாட்டில் கல்லூரி சேர்பவர் தொகையே குறைந்தது. 2020-ல் கொரோனா வந்து வீடுகள் காலியாயின. ஆனால் தீராத சுமை காப்பீடுதான். குடியாலும் ராகிங்காலும் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள். பெற்றோர் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்குகிறார்கள். பிரீமியம் ஏறுகிறது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் என்ற பெரிய சங்கம், தொடர்ந்து நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு 2014-ல் புதியவர்களைச் 'சோதிக்கும்' காலத்தையே எடுத்துவிட்டது.

கடிதத்தில் எனக்கு உறுத்தியது இந்த இடம்தான். நேரில் வரும் அலுவலர்கள் பெரும்பாலும் அண்மையில் படிப்பு முடித்த இளைஞர்கள். கிளை கிளையாகப் போய், கணக்கு சரியா, புதியவர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பவர்கள் அவர்கள். அவர்களைக் குறைத்தால் இந்த ஆண்டு செலவு குறையும். ஆனால் ஒரு கிளையில் ஒரு அசம்பாவிதம் நடந்தால், மிச்சம் பிடித்ததற்கும் மேலாகக் காப்பீட்டில் போய்விடும். பணத்தை விடுங்கள், போகிற உயிர் திரும்பி வராது.

"பழைய மாணவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே, அவர்கள் கொடுக்க மாட்டார்களா?" என்று கேட்டேன். கொடுக்கிறார்கள், ஆனால் அதிகமும் சங்கத்தின் அறக்கட்டளைக்கு. அந்த நாட்டுச் சட்டப்படி அறக்கட்டளைக்குக் கொடுத்தால் வரிச்சலுகை உண்டு, சங்கத்துக்கு நேராகக் கொடுத்தால் கிடையாது. அறக்கட்டளைப் பணத்தைக் கல்வி உதவி, பயிற்சி போன்றவற்றுக்குத்தான் செலவிடலாம். ஆகவே பக்கத்து அறையில் பணம் இருந்தும் இந்த அறையில் பற்றாக்குறை. கடைசியில் சுமை இறங்குவது பத்தொன்பது வயதுப் பையன்கள் தலையில்.

பேரனின் உண்மையான கவலை கடிதத்தில் இல்லை. அவன் கிளையில் மூன்று பேர் சந்தா கட்டவில்லை. ஒருவனுடைய அப்பாவுக்கு வேலை போய்விட்டது. விதிப்படி அவர்களை நிறுத்தி வைக்க வேண்டும். "ஃபார்மல் டான்ஸுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடன விருந்தை ஹோட்டலில் வைக்காமல் வீட்டுக் கூடத்திலேயே வைப்பதென்று வாக்கெடுத்து முடிவு செய்திருக்கிறார்கள். நான்கு பேர் எதிர்த்தார்களாம். மிஞ்சிய பணத்தில் மூவருக்கும் இந்தப் பருவச் சந்தா கட்டியாகிவிட்டது. அடுத்த பருவத்துக்கு என்ன வழி என்று இன்னும் தெரியவில்லை.

உங்களில் சிலர் பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். இப்படிச் சேரப் போகிறேன் என்று சொன்னால் உடனே வேண்டாம் என்று தடுக்காதீர்கள். நல்ல நட்பும் பொறுப்பும் கிடைக்கும் இடம்தான். சேருமுன் நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு? அதில் காப்பீட்டுக்கு எவ்வளவு? வீட்டின் மேல் கடன் உண்டா? கட்ட முடியாதவனை என்ன செய்வீர்கள்?

நான்காவது கேள்விக்கு என்ன பதில் வருகிறது என்று கவனித்துக் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்