அந்த வாயுவுக்கும் வரிசையா?

2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தின் இறுதி நாட்கள் அவை. க.பொ.த. உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த எனக்கு அப்பொழுது வாய்த்த தொழில் ஒன்றே ஒன்றுதான். நண்பகலில் அம்மா கட்டித்தரும் சோற்றுப் பொதியைச் சைக்கிளிற் கொண்டுசென்று, டீசல் வரிசையில் நிற்கும் அப்பாவிடம் கொடுப்பதே அது. அவரைத் தேடும் சிரமம் எனக்கு இருக்கவில்லை. நேற்று நின்ற அதே வேலியோரத்தில், அதே பூவரச மரத்தின் கீழ், எங்கள் பேருந்து இன்றும் நிற்கும்.

யாழ்ப்பாணத்துக்கும் பருத்தித்துறைக்குமிடையே இருபது ஆண்டுகளாக ஓடுபவர் அப்பா. ஓடுவதற்கென்றே பிறந்தவர் என அம்மா கேலி செய்வார். அத்தகைய மனிதர் நான்கு நாட்கள் ஓரிடத்தில் இருந்ததை அன்றுதான் கண்டேன். லீசிங் கடனுக்கு வரிசை தெரியாது. அது தன் தவணை நாளில் வந்து நின்றது. யூலையில் எரிபொருள் அனுமதி முறை அறிமுகமாகி வரிசைகள் மெல்லக் குறைந்தன. எனினும், பேருந்தின் நிழலில் பாயை விரித்துப் படுத்திருந்த அப்பாவின் தோற்றம் என் நெஞ்சை விட்டகலவில்லை.

பல்கலைக்கழகத்துக்கு வந்து புவியியலை ஒரு பாடமாக எடுத்தபோது, நகரப் போக்குவரத்துப் பற்றிய ஒப்படைக்காக டில்லி நகரம் எனக்குக் கிடைத்தது. டில்லியின் பேருந்துகள் டீசலைக் கைவிட்டு இயற்கை வாயுவுக்கு மாறிய வரலாற்றைப் படிக்கப் படிக்க, பூவரச மரத்து வரிசைக்கு ஒரு விடை கிடைத்துவிட்டதென்றே மகிழ்ந்தேன். விடுமுறைக்கு வீடு சென்ற முதல் இரவே அப்பாவிடம் அதை விரித்துரைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி பொறுமையாகக் கேட்டார். இறுதியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, அந்தக் காஸுக்கும் வரிசையிலதானே நிக்கவேணும்?"

என்னிடம் விடை இருக்கவில்லை. இக்கட்டுரை அவ்விடையைத் தேடிய முயற்சியேயாகும்.

டில்லியின் கதையை முதலிற் கூறவேண்டும். எம்.சி. மேத்தா என்னும் வழக்கறிஞர் 1985 இல் நகரின் காற்று மாசடைதலை எதிர்த்து இந்திய உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர், 1998 யூலை 28 ஆந் திகதி, நகரப் பேருந்துகள் யாவும் 2001 மார்ச் 31 ஆந் திகதிக்குள் அமுக்கிய இயற்கை வாயுவுக்கு மாறவேண்டுமென நீதிமன்றம் ஆணையிட்டது. குறித்த நாள் வந்தது, பேருந்துகள் மாறவில்லை. கால நீடிப்பும் வாதப் பிரதிவாதமும் தொடர்ந்தன. 2002 ஏப்பிரலில், டீசலில் ஓடும் ஒவ்வொரு பேருந்துக்கும் நாளொன்றுக்கு 500 ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. அவ்வாண்டு திசெம்பரிலேயே கடைசி டீசல் பேருந்து நகரச் சேவையினின்றும் நீங்கியது.

பேருந்துகளின் பின்னால் எழுந்த கரும்புகை மறைந்தது. டீசற் புகை மனிதருக்குப் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2012 இல் வகைப்படுத்தியதை நினைத்தால், அதன் பெறுமதி விளங்கும். ஒவ்வோர் இரவும் அப்பாவின் கழுத்துத் துவாயைத் துவைக்கும்போது வாளியிற் படியும் கருமையைக் கண்டவள் நான்.

ஆயினும் அப்பாவின் கேள்வி அங்கேயே காத்திருந்தது. 2001 ஆம், 2002 ஆம் ஆண்டுகளில் டில்லியின் வாயு நிரப்பு நிலையங்களின் முன்னால் பேருந்துகளும் ஓட்டோக்களும் மணிக்கணக்கில், இரவிரவாக வரிசையில் நின்றன. வாகனங்களை மாற்றும்படி ஆணையிடப்பட்ட வேகத்தில், வாயுவை வழங்கும் குழாய்களும் அமுக்கும் பொறிகளும் பெருகவில்லை. புதிய வண்டிக்கும் மாற்றிய இயந்திரத்துக்கும் கடன்பட்டவர்களுள் ஓட்டோச் சாரதிகளும் சிறு உரிமையாளர்களும் இருந்தனர். நகரம் முழுவதும் சுவாசித்த நல்ல காற்றின் விலையில் ஒரு பெரும் பங்கை வரிசையில் நின்றவர்களே செலுத்தினர் எனின் மிகையாகாது. ஒப்படைக்காக முதன்முறை வாசித்தபோது இவ்வரிகளை நான் கடந்துசென்றிருந்தேன். அப்பாவின் கேள்வியின் பின்னரே அவை என் கண்ணிற் பட்டன.

அம்மாவின் கேள்வி வேறு. 2021 ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் எம் நாட்டின் சமையலறைகளில் வாயு அடுப்புகள் வெடித்த செய்திகளை அவர் மறக்கவில்லை. "அடுப்படியில ஒரு சிலிண்டரோட நான் பட்ட பயம் காணாதோ? பஸ்ஸுக்கு மேல ஆறேழு சிலிண்டரோ?" என்றார். அச்சம் அறியாமையன்று. டில்லியிலும் தொடக்க ஆண்டுகளில் சில பேருந்துகள் தீப்பற்றின. பொருத்துதலும் பரிசோதனையும் சீராக அமையாதவிடத்து எவ்வாயுவும் ஆபத்தானதே. எனினும் இரண்டும் ஒரே வாயுவல்ல. சமையல் வாயு காற்றினும் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தேங்கிநிற்கும். இயற்கை வாயுவின் பெரும்பகுதியான மெதேன் காற்றினும் இலேசானது; திறந்த வெளியில் மேலெழுந்து கலைந்துவிடும். தாழ்தளப் பேருந்துகளிற் சிலிண்டர்களைக் கூரைமேல் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும். இதைச் சொன்னபோது அம்மா முற்றாக நம்பவில்லை, ஆனாற் கேட்டுக்கொண்டார்.

இனி, வாயு எங்கிருந்து வருவது? இயற்கை வாயுவும் நிலக்கீழிருந்து வரும் பொருளே. அதன் புகை குறைவு. ஆனால் எரிந்தபின் அதுவும் காபனீரொட்சைட்டையே விடுகிறது. எரியாமற் கசியும் மெதேனோ நூறாண்டுக் கணக்கிற் காபனீரொட்சைட்டைப் போல ஏறத்தாழ 28 மடங்கு வெப்பமூட்டவல்லது. மன்னார்ப் படுகையில் 2011 இல் இரு கிணறுகளில் வாயு கண்டுபிடிக்கப்பட்டது. இன்றுவரை அது வெளியே எடுக்கப்படவில்லை. ஆகவே, இன்று நாம் இயற்கை வாயுவுக்கு மாறினால், கப்பலிற் பெறும் ஒன்றை விட்டுக் கப்பலிற் பெறும் இன்னொன்றைப் பற்றுவதாகவே முடியும். டொலர் இல்லாத நாளில் டீசற் கப்பல் வராதது போல வாயுக் கப்பலும் வராது. அப்பாவின் கேள்வியிற் பொருளியல் இருந்தது.

ஆனால் மெதேன் நிலக்கீழ் மாத்திரம் பிறப்பதில்லை. சாணமும் உணவெச்சமும் காற்றுப்புகாத தொட்டியில் நுண்ணுயிர்களால் உக்கும்போது பிறக்கும் உயிர்வாயுவில் பாதிக்கு மேற்பட்டது மெதேனே. எஞ்சியதிற் பெரும்பங்கு காபனீரொட்சைட்டு. சிறிதளவு ஐதரசன் சல்பைட்டும் உண்டு. நீரைக் கொண்டோ பிற முறைகளாலோ இவற்றைக் கழுவி நீக்கி, எஞ்சும் மெதேனை அமுக்கினால், இயற்கை வாயுவில் ஓடும் இயந்திரம் வேறுபாடறியாது ஓடும். இங்கேதான் இவ்விரு வாயுக்களின் உறவு எனக்குத் துலங்கியது. இயற்கை வாயுவுக்கென மாற்றிய வாகனம் கப்பலை மாத்திரம் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஊர்ச் சந்தையையும் நம்பலாம்.

இது வெறுங் கற்பனையன்று. சுவீடனின் லின்ஷோப்பிங் நகரம் இறைச்சிக்கூடக் கழிவையும் உணவெச்சத்தையும் கொண்டு உயிர்வாயுவை ஆக்கி, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தன் நகரப் பேருந்துகளை அதில் ஓட்டியது. 2005 இல் ஒரு புகையிரதத்தையும் ஓட்டியது. குளிர் தேசத்துச் செல்வந்தர் கதையென ஒதுக்குவோர்க்கு இந்தூர் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் அந்நகரில், நாளொன்றுக்கு 550 தொன் ஈரக் கழிவை ஏற்று ஏறத்தாழ 17,000 கிலோகிராம் வாயுவை ஆக்கத்தக்க ஆலை 2022 பெப்ரவரியிற் திறக்கப்பட்டது. அவ்வாயு நகரப் பேருந்துகளுக்கென்றே திட்டமிடப்பட்டது. அந்நகரத்தார் அதற்கு முன்னரே வீட்டு வாசலில் ஈரக் கழிவையும் உலர் கழிவையும் வேறாக்கப் பழகியிருந்தனர் என்பதை மறத்தலாகாது. ஆலையை விலைக்கு வாங்கலாம், பழக்கத்தை வாங்கவியலாது.

நானும் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தொன் உணவெச்சத்திலிருந்து ஏறத்தாழ 100 கனமீற்றர் உயிர்வாயு பெறலாம். அதில் 60 கனமீற்றர் மெதேன் எனக் கொண்டால், ஒரு கனமீற்றர் ஏறக்குறைய ஒரு லீற்றர் டீசலுக்கு ஒப்பானது. ஆலை தனக்கென எடுப்பதையும் இயந்திரத்தின் இழப்பையும் கழித்தால் 40 லீற்றருக்குக் குறையாது மிஞ்சும். அப்பாவின் பேருந்து ஒரு நாளிற் குடிப்பதும் ஏறத்தாழ அதுவே. ஒரு தொன் எச்சம், ஒரு பேருந்தின் ஒரு நாள்!

திருநெல்வேலிச் சந்தையின் பின்புறத்தை மாலையிற் கண்டவர்க்கு இது வியப்பளிக்காது. வாழை இலையும் அழுகிய தக்காளியும் பூசணிக் கோதும் அங்கே குவிந்து கிடக்கும். அவ்வாறு குவிந்தவை திறந்த மேடுகளாக வளர்ந்தால் என்னவாகும் என்பதை 2017 ஏப்பிரல் 14, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லை எமக்குக் கற்பித்தது. சரிந்த குப்பைமேட்டில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தொட்டியிலிடும் எச்சமோ வாயுவைத் தந்தபின் செம்பாட்டுத் தோட்டங்களுக்கு எருவாகவும் திரும்பும்.

இருப்பினும் என் கணக்கே என்னை எச்சரிக்கின்றது. வீதியிலுள்ள எல்லா வாகனங்களுக்கும் போதிய எச்சம் எவ்வூரிலும் இல்லை. ஆகவே யாருக்கு முதலில் என்பதே கேள்வி. இரவிலே ஒரே இடத்துக்குத் திரும்புபவை, ஒரே நிரப்பு நிலையத்தால் நிறைவுபெறுபவை எவையோ, அவற்றுக்கே இது முதலிற் பொருந்தும். டிப்போப் பேருந்துகளும் நகரசபையின் குப்பை லொறிகளும் அத்தகையன. தான் சுமக்கும் குப்பையிலேயே ஓடும் லொறி வேடிக்கையாகத் தோன்றலாம். கணக்கிற் பொருந்துவது அதுதான்.

அப்பப்பாவுக்கு இவை புதுமையாகத் தோன்றவில்லை. பொருளாதாரத் தடை நிலவிய தொண்ணூறுகளில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கிவிட்டு, மண்ணெண்ணெயில் மொறிஸ் மைனரை ஓட்டியவர் அவர். அக்கதையை அவர் பெருமையாகச் சொல்வார். நாமும் பெருமையாகக் கேட்போம். ஆனால் அப்புகையில் இருமியவர்களும், வழியில் நின்றுபோன வண்டியில் நோயாளியோடு தவித்தவர்களும் அக்கதையில் உண்டு. தடைக்குள் எழும் கெட்டித்தனத்தை நாம் கொண்டாடிவிட்டு, தடை நீங்கியதும் மறந்துவிடுகிறோம். 2022 இன் வரிசையையும் அவ்வாறே மறந்துகொண்டிருக்கிறோமோ என அஞ்சுகிறேன். வரிசை இல்லாத காலமே வரிசையைப் பற்றிச் சிந்திக்க உகந்த காலம்.

அடுத்த விடுமுறையில் அப்பாவுக்கு என் விடையைச் சொன்னேன். கப்பலில் வரும் வாயுவென்றால் வரிசை வரக்கூடும். ஊரிற் பிறக்கும் வாயுவென்றால் வரிசை குறுகும், ஆனால் எல்லோருக்கும் போதாது. ஆகவே டிப்போவிலே தொடங்கவேண்டும் என்றேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "சரி பிள்ளை, டிப்போவுக்கு முதல் குடுக்கட்டும். ஆனா படிச்ச நீங்கள் திட்டம் போடேக்க, ஒரு பஸ் வச்சிருக்கிறவனை வரிசையின்ர கடைசியில விட்டிடாதேங்கோ" என்றார்.

டில்லி மறந்ததும் அதுவே. ஒப்படையின் இறுதிப் பந்தியில் அப்பாவின் வார்த்தைகளைச் செந்தமிழாக்கிச் சேர்த்தேன். எனக்குக் கிடைத்த புள்ளிகளில் அவருக்கும் பங்குண்டு.